உத்தரவு கேட்டவள்

என் அக்காவுக்குப் புது சோப்பு வேண்டுமென்றால் பழைய சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். அது நகத்தளவுக்குத் தேய்ந்திருக்க வேண்டும். மடத்துத் தலைவியான மதர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் வரும்" என்றால் திரும்பிவிடுவாள். இரண்டு நாள் கழித்து மறுபடி போய் நிற்பாள். முப்பத்தொன்பது வருடம் இப்படித்தான் குளித்தாள். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்லிவந்தேன், இந்த வருடம் வரைக்கும்.

சோப்பு மட்டுமில்லை. ஊசிக்கு உத்தரவு, செருப்புக்கு உத்தரவு, சாப்பாட்டு நேரம் தவிர ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவும் உத்தரவு. மதரின் அறை வாசலில் ஒரு முழங்காலை ஊன்றி, "உத்தரவு, மதர்" என்று ஆரம்பித்துக் கேட்க வேண்டும். உள்ளேயிருந்து "ஆகட்டும்" என்று வந்தால் சரி. சத்தமே வரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு இன்னொரு தடவை கேட்கக் கூடாது. கன்னியர் மடத்தில் சேருகிறவர்கள் கடவுளுக்கு மூன்று வாக்குகள் கொடுக்கிறார்கள்: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். வார்த்தைப்பாடு என்று அதற்குப் பெயர். ஏழ்மைக்கு எங்கள் வீட்டில் யாரும் வாக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை, அது தானாகவே நடந்துகொண்டிருந்தது. கற்பைப் பற்றி அவளிடம் நான் கேட்டதில்லை. மூன்றாவதுதான் அவளைத் தின்றது. என்னையும் சேர்த்து.

பத்தொன்பது வயதில் அவள் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒருநாள் வண்டி ஓட்டுகிறவருக்குத் துணையாகப் பெட்டி இறக்கப் போன இடம் அந்த மடம். சுற்றுவட்டாரத்துக் கோயில்களுக்கெல்லாம் பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் அங்கேதான் தயாராகும். ஒரு நீளமான வெள்ளை அறை. கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேராத கரைசலை இரண்டு கனத்த இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் ஊற்றி மூடினால், ஒன்றரை நிமிடத்தில் காகிதம் போல ஒரு தகடு வரும். அதை அப்படியே வெட்டினால் நொறுங்கிப்போகும். ஒருநாள் முழுக்க ஈர அறையில் வைத்துப் பதமாக்கி, பிறகு வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். பெட்டியை இறக்கப் போனவள் அந்த அறை வாசலிலேயே நின்றுவிட்டாளாம். வண்டிக்காரர் ஹார்ன் அடித்து ஓய்ந்து கடைசியில் இறங்கிப் போய்க் கூப்பிட்டாராம்.

வீட்டுக்கு வந்து, "அங்க போய்ச் சேரப் போறேம்மா. அங்க யாருமே கத்தல" என்றாள்.

எங்கள் வீட்டில் பாசமாகப் பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரர் சண்டை என்று எட்டிப் பார்ப்பார். அப்பா இறந்த பிறகு அம்மா இரண்டு பேர் சத்தத்தையும் ஒரே ஆளாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் காதல் தோல்வி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது, நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில்தான் படுத்தோம். அவளுக்கு அமைதி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கடவுளும் வேண்டியிருந்தார். இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா ஒரு வாரம் அழுதாள், ஒரு வாரம் திட்டினாள், பிறகு அவளே பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். வாசலில் வைத்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ சாமிக்கு என்ன வேணும்னாலும் குடு. நான் தடுக்கல. எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போ. நான் கூப்பிட்டா வரணும்."

"வர்றேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா வர்றேன்."

நான் பக்கத்தில் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது பதினைந்து வயது.

எட்டு வருடம் கழித்து இறுதி வார்த்தைப்பாடு. நானும் அம்மாவும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். அக்கா பீடத்துக்கு முன்னால் தரையில் முகம் குப்புறப் படுத்துக்கிடந்தாள். மேலே ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். செத்தவளைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா என் கையை நசுக்கினாள். பிறகு அக்கா எழுந்து, தன் கையாலேயே எழுதிவைத்திருந்த வாக்குறுதியை வாசித்தாள். சாகும் வரைக்கும் என்று வந்த இடத்தில் கூட அவள் குரல் நடுங்கவில்லை. மதர் அவளுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு, கடவுளின் பெயரால் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அக்கா பீடத்தின் மேலேயே அந்தத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கையெழுத்து எவ்ளோ அழகா இருக்கு பாரு" என்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அந்தத் தாளைப் பற்றித்தான் இவ்வளவு கதையும்.

நான் கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறவள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கீறலாக்கிவிட்டு, "மங்கலா இருக்கு" என்று வருகிறவர்களோடு இருபத்தாறு வருடமாகச் சண்டை போடுகிறேன். மடத்தில் எல்லோருக்கும் நான்தான் கண்ணாடி செய்துகொடுத்தேன். அக்காவைப் பார்க்க அது ஒரு சாக்கு. அவளுடைய பார்வையை நான் சோதிப்பேன், மதர் உத்தரவு கொடுத்த கறுப்பு ஃபிரேமைப் போட்டுவிடுவேன். அவள் எனக்கு ஒரு பை தருவாள். வட்டங்களை வெட்டியது போக மிஞ்சிய ஓட்டைத் தகடுகள். உப்பில்லை, இனிப்பில்லை, ஒரு ருசியும் இல்லை. ஒவ்வொரு தடவையும் பை நிறைய. வீட்டில் என் வீட்டுக்காரர், "உங்க அக்கா காத்தை வெட்டி அனுப்பிட்டாங்களா?" என்பார். ஆனால் டிவி பார்த்துக்கொண்டே அவர்தான் முழுவதையும் காலி செய்வார்.

மடத்தில் அவளை அப்ப சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். பதினாறு கோயிலுக்கு அவள்தான் அப்பம் சுட்டாள். இரும்புத் தட்டின் சூட்டை உள்ளங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தே சொல்லிவிடுவாள். முன்கை முழுக்கச் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். மூன்று வருடத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வர அனுமதி. காலையில் வந்து மாலையில் போய்விடுவாள். அந்த ஒருநாளில் அம்மா கத்துவதை எல்லாம் கத்தித் தீர்ப்பாள், அக்கா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா விழுந்தாள். அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் கடைசி வாரம். ஆஸ்பத்திரியில், நாலைந்து நாள்தான், வரவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்கள். அம்மாவுக்கு நினைவு இருந்தது. "பெரியவளைக் கூப்பிடு" என்றாள். நான் மடத்துக்குப் போன் செய்தேன். ஹாலில் இருக்கிற போன், அக்காவைக் கூப்பிட்டு வர ஐந்து நிமிடம் ஆகும்.

"உத்தரவு கேட்டுட்டு வர்றேன் பாப்பா" என்றாள். என்னை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

மறுநாள் போன் செய்தேன். "இன்னும் கிடைக்கல. நாளைக்கு மறுபடி கேக்கறேன்" என்றாள். அவளுடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் மதரே எடுத்தார். "சிஸ்டர் ஜெபத்துல இருக்காங்க. உங்க அம்மாவுக்காகத்தான் ஜெபிக்கிறாங்க. நேர்ல வர்றதை விட அது பெரிய உதவி" என்றார். மடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம், ஒரே பஸ். நாலாம் நாள் சாயங்காலம் அம்மா போய்விட்டாள். அதுவரை கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பினாள். நர்ஸ் வந்தால் கூட, "வந்துட்டியா?" என்றாள். கடைசியில், "சத்தியம் பண்ணினாளே" என்றாள். அதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு.

அப்பாவின் குழியிலேயே அம்மாவையும் வைத்தோம். அத்தை எல்லோர் முன்னாலும், "பெத்த தாய்க்கு வராதவ சாமிக்கு என்ன செஞ்சு கிழிக்கப் போறா?" என்று கேட்டாள். நான் அவள்மீது பாய்ந்தேன். "அவ கடவுளுக்கு வாக்குக் குடுத்திருக்கா. நினைச்சா வர, நினைச்சா போக அது என்ன கடைத்தெருவா?" என்றேன். பன்னிரண்டு வருடம் இதையே சொன்னேன். ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு சாவிலும், யார் வாயைத் திறந்தாலும் அடைத்தேன். எனக்கே கோபம் வந்தபோது எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். அம்மா போன பிறகு அக்கா வீட்டுக்கு வருவதும் நின்றது. பெற்றவர்கள் இருந்தால்தான் வீடு, உடன்பிறந்தவர்கள் இருப்பது வீட்டுக் கணக்கில் வராது என்பது மடத்துச் சட்டம். அவள் அம்மாவின் கல்லறையைப் பார்க்கவே இல்லை.

இந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. அக்கா. பகலில் அவள் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"பாப்பா, கொஞ்சம் வர முடியுமா? இங்க ஒரு ஃபாதர் வந்திருக்காரு. வீட்டு ஆள் ஒருத்தர் கூட இருந்தா நல்லதுன்னு சொல்றாரு."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்குத்தான், என்னமோ ஆகாம போச்சாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸை அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.

மடத்தில் மிச்சமிருப்பது ஆறு பேர், எல்லோரும் வயதானவர்கள். அதனால் அதை வேறொரு பெரிய கன்னியர் சபையோடு சேர்க்கிறார்கள். பழைய தாள்களைச் சரிபார்க்கத் திருச்சபைச் சட்டம் படித்த ஒரு பாதிரியாரை ஆயர், அதாவது பிஷப், அனுப்பியிருந்தார். நல்ல மனிதர்தான். எங்களை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"சிஸ்டர், உங்க இறுதி வார்த்தைப்பாட்டுல ஒரு சின்னச் சிக்கல். அன்னைக்கு அதை ஏத்துக்கிட்ட மதருக்குப் பதவிக்காலம் பதினோரு நாள் முன்னாடியே முடிஞ்சிருக்கு. ஆயருக்கு உடம்பு சரியில்லாததால புதுத் தேர்தல் தள்ளிப்போயிருக்கு. பதவியை நீட்டிக்கணும்னு யாரும் எழுதி வாங்கல. அடுத்த வாரம் அவங்களையேதான் மறுபடி தேர்ந்தெடுத்திருக்காங்க. ஆனா அந்தப் பதினோராம் நாள்ல, வார்த்தைப்பாட்டை ஏத்துக்கிற அதிகாரம் அவங்களுக்கு இல்ல."

"அப்படின்னா?" என்றேன் நான்.

"சட்டப்படி அது செல்லாது."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சிஸ்டர் இல்லையா, ஃபாதர்?"

"பயப்படாதீங்க. சரிபண்ணிடலாம். மறுபடி ஒருதடவை எழுதி, சேரப் போற சபையோட மதர் முன்னாடி வாசிச்சு, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். விருப்பம் இல்லைன்னா நீங்க தாராளமா வெளிய போகலாம், உங்களைக் கட்டுப்படுத்த ஒண்ணும் கிடையாது. முன்னாடி வந்த கடிதத்துலயும் இதேதான் எழுதியிருந்தாங்களே."

"எந்தக் கடிதம்?"

பாதிரியார் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் அவ்வளவு நேரமும் பேசியிருக்கிறார். ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆயர் இல்லத்தில் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோதே இந்தத் தேதிக் குளறுபடி கண்ணில் பட்டிருக்கிறது. அப்போதே மதருக்கு எழுதியிருக்கிறார்கள்: இந்தச் சகோதரிக்கு உடனே தெரியப்படுத்தவும், விருப்பமிருந்தால் மீண்டும் வார்த்தைப்பாடு எடுக்கச் செய்யவும், அதுவரை அவர் எந்தக் கீழ்ப்படிதலுக்கும் கட்டுப்பட்டவர் அல்ல.

"தேதி என்ன, ஃபாதர்?" என்று அக்கா கேட்டாள்.

அவர் வாசித்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அம்மா விழுவதற்குச் சரியாக ஆறு வாரத்துக்கு முன்னால்.

அக்கா என் பக்கம் திரும்பி, "அம்மா எந்தத் தேதி பாப்பா?" என்றாள். அவளுக்குத் தெரியாததா? இருந்தாலும் சொன்னேன். விரல் விட்டு வாரங்களை எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். பிறகு எழுந்து, "மதருக்குத் தலை வாருற நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

மதருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கால்கள் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். குளிப்பாட்டுவது, பல் செட்டைக் கழுவுவது, தலை வாருவது எல்லாமே அக்காதான். அறை வாசலில் அக்காவின் முழங்கால் தானாக மடங்கியது. பாதி மடங்கியதும் நிறுத்தி, சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். உள்ளே போய்ச் சீப்பை எடுத்தாள்.

"மதர், ஆயர் இல்லத்துல இருந்து என் வார்த்தைப்பாடு பத்தி ஒரு லெட்டர் வந்துதே, பன்னெண்டு வருஷம் முன்னாடி. நீங்க அதைப் படிச்சீங்களா?"

மதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இத்தனை வருடம் அந்த மௌனத்துக்கு இல்லை என்று அர்த்தம், அக்கா திரும்பிவிடுவாள். இந்தத் தடவை அக்கா பதிலுக்காக நின்றாள்.

"படிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"தவக்காலம் ஆரம்பிச்சிருந்தது. பதினாறு கோயிலுக்கு அப்பம் போகணும். நீ இல்லைன்னா யாரு சுடுவா? ஈஸ்டர் பெருவிழா முடிஞ்சதும் சொல்லிடலாம்னு எடுத்து வச்சேன்."

"பெருவிழாவுக்கு முன்னாடி எங்க அம்மா கூப்பிட்டாங்க."

"ஆமா."

"நான் உங்ககிட்ட வந்து உத்தரவு கேட்டேன். நாலு நாள். இதே வாசல்ல."

"உன்னை விட்டா நீ திரும்பி வரமாட்டியோன்னு பயம்" என்றார் மதர். "உன்னைக் கட்டி வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல. அப்புறம் உங்க அம்மா போயிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நீயே சொல்லு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சத்தம் முழுவதையும் அந்த அறையில் போட்டேன். என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. அப்பம் என்றேன், மாவு என்றேன், எங்கள் அம்மா உயிரை விட உங்கள் மாவு பெரிதா என்றேன். தாழ்வாரத்தில் வயதான சிஸ்டர்கள் கூடிவிட்டார்கள். அக்கா என் தோளைத் தொட்டு, "பாப்பா, கத்தாத. இங்க கத்தக் கூடாது" என்றாள். அவளும் கூட ஒருமுறை கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் மதரின் தலையை ஒழுங்காக வாரி முடித்தாள். சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். சீப்பைக் கழுவி வைத்தாள். மதர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கையெழுத்தைப் போட்டுடு. நாளைக்கு எனக்குத் தலை வார யாரு இருக்கா?"

அக்கா தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

வெளியே பாதிரியார் வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்திருந்தார். அக்கா உட்காரவில்லை. "எழுத மாட்டேன், ஃபாதர்" என்றாள்.

"சிஸ்டர், அவசரப்படாதீங்க. மதர் பண்ணினது தப்பு, நான் ஒத்துக்கறேன். ஆனா வார்த்தைப்பாடு மதருக்குக் குடுக்கறது இல்லையே, கடவுளுக்குத்தானே."

"அதனாலதான் சொல்றேன். அன்னைக்கு நான் சொன்னதை அவர் கேட்டாரு. அவருக்குத் தேதி எல்லாம் பார்க்கத் தெரியாது. இப்ப மறுபடி சொன்னா, இத்தனை வருஷம் சொன்னது பொய்யின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். கல்யாணம் பண்ணப் போறதில்ல, சொத்து சேர்க்கப் போறதில்ல. அதெல்லாம் அப்படியே இருக்கு. இந்த வீட்டுல இருக்க மட்டும் எனக்கு முடியல."

பாதிரியார் பேனாவை மூடினார். அக்கா தன் அறைக்குப் போய் ஒரு துணிப்பையோடு வந்தாள். அதில் இரண்டு உள்ளுடுப்பு, ஜெபப் புத்தகம், நான் செய்துகொடுத்த பழைய கண்ணாடிகள் மூன்று. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. இவ்வளவுதான் தூரமா என்று கேட்டாள்.

என் வீட்டில் இரண்டு அறை. என் மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து ஒன்று காலியாகத்தான் கிடந்தது. என் உடுப்புகளைப் போட்டுக்கொண்டு அக்கா கண்ணாடி முன் நின்றாள். முப்பத்தொன்பது வருடமாக ஆளுயரக் கண்ணாடியில் தன்னைப் பார்க்காதவள். "நான் அம்மா மாதிரி ஆயிட்டேனே" என்றாள்.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள். "பாப்பா, குளிக்கலாமா?" கொஞ்ச நேரம் கழித்து, "ஜன்னலைத் திறக்கலாமா?" பத்து மணிக்குக் கடைக்குப் போன் செய்து, "தண்ணி குடிக்கலாமா?" முதலில் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர், "இப்ப நீதான் மதர்" என்று கிண்டல் செய்தார். ஒரு வாரத்தில் சிரிப்பு போய்விட்டது. "உன் வீடு மாதிரி இரு அக்கா, கேக்காத" என்று எத்தனை தடவை சொன்னாலும் தலையை ஆட்டுவாள், அடுத்த பத்தாவது நிமிடம் வந்து நிற்பாள். ஒருநாள் நகத்தளவு சோப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். உள்ளே போய் நான்கு புது சோப்பை எடுத்துவந்து அவள் மடியில் போட்டேன். அவள் பயந்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் கேட்டவள் ஒன்றை மட்டும் கேட்கவே இல்லை. அம்மாவின் கல்லறைக்குப் போகலாமா என்று கேட்கவில்லை. நானும் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. அவளாகக் கேட்கட்டும் என்றிருந்தேன். நாள் போகப் போக அது எனக்குள் புளித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னொரு கரண்டி போட்டுக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"எல்லாத்துக்கும் உத்தரவு கேக்கத் தெரியுதே, அன்னைக்கு உத்தரவு இல்லாம ஒரு தடவை வர உனக்குத் தெரியலையா? கதவு பூட்டியா இருந்துது? ஒரு பஸ்தானே? அவங்க பொய் சொன்னாங்க, சரி. உனக்குக் கால் இருந்துதே! அம்மா நாலு நாள் கதவையே பாத்துட்டு இருந்தா. சத்தியம் பண்ணினாளேன்னு சொல்லிட்டுத்தான் செத்தா. பன்னெண்டு வருஷம் ஊரெல்லாம் உனக்காக நான் சண்டை போட்டேன். எதுக்கு? ஒரு செல்லாத தாளுக்கு!"

அம்மாவின் கடைசி வார்த்தையை அதுவரை நான் அவளிடம் சொன்னதில்லை. சாகும் வரை சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். அக்கா சாப்பாட்டை முடிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைச் சாத்தலாமா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். காலையிலிருந்து அவளிடமிருந்து ஒரு போன் கூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடையை விட்டு ஓடினேன். வீடு வெறுமனே பூட்டிக் கிடந்தது. ஒரு சீட்டு இல்லை, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் செருப்பைக் காணோம். முதலில் மடத்துக்குத்தான் திரும்பிப் போய்விட்டாள் என்று நினைத்தேன். நான் துரத்திவிட்டேன், தலை வாரப் போய்விட்டாள் என்று நினைத்து அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகுதான் வேறொன்று தோன்றியது.

கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. ஒரு கணம் என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அது அம்மாவின் குரல். அதே தொண்டை, அதே ஊரைக் கூட்டுகிற சத்தம்.

அக்கா கல்லறைக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள். கைகளில் மண், காலடியில் பிடுங்கிப் போட்ட புல். வாழ்நாளில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "தெரிஞ்சே உக்கார வச்சாங்கம்மா! தெரிஞ்சே! நான் முழங்கால் போட்டுக் கேட்டேன், தெரிஞ்சே பேசாம இருந்தாங்க! கடவுள் பேரைச் சொல்லி வாங்கினாங்க, கடவுள் பேரைச் சொல்லியே பூட்டினாங்க! நான் மக்கு, நான் பேசாம மாவைக் கரைச்சேன்! நீ கூப்பிட்டே, நான் மாவைக் கரைச்சேன்!" குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துவிட்டு சோப்பை எறிந்த நாள் போலவே பயந்துவிடுவாளோ என்றிருந்தது. பயப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி உடுப்பு நுனியால் துடைத்தாள். கீறினால் கீறட்டும் என்று விட்டுவிட்டேன்.

"உத்தரவு கேக்காம வந்துட்டியே" என்றேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னேன்.

"கேட்டாச்சு பாப்பா" என்றாள். "நாலு நாள் கேட்டாச்சு."

பிறகு குனிந்து, மிச்சமிருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். நானும் மறுபக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கினேன்.